ஔவைக்கு அப்புறம் ஆயிரம் வருஷம் யாருமே இல்லையா?

கேள்வி, 2023 பிப்ரவரி 25

சனிக்கிழமை வகுப்பில் ஔவையார், காரைக்கால் அம்மையார், ஆண்டாள் என்று மூன்று பேரைச் சொன்னீர்கள். பேத்தி வீட்டுக்கு வந்து நாலாவது யார் என்று கேட்கிறாள். எனக்குத் தெரியவில்லை. என் கணக்கு இதுதான்: தமிழில் அந்த மூவருக்கு அப்புறம் ஆயிரம் வருஷம் பெண்கள் கவிதை எழுதவே இல்லை. எழுதியிருந்தால் ஏதாவது கையில் கிடைத்திருக்காதா? பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவன் நான். இல்லாததை இல்லை என்று சொல்வதில் தப்பில்லை.

பிப்ரவரி 25, இரவு

கணக்கு வாத்தியார் அண்ணாவுக்கு. கிடைக்காதது வேறு, இல்லாதது வேறு.

உங்கள் தாத்தாவின் தாத்தா கப்பலேறிய கதையை நீங்களே பலமுறை சொல்லியிருக்கிறீர்கள். ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து சேர்ந்தது 1860 நவம்பர் 16. கடைசிக் கப்பல் 1911. இந்த ஐம்பத்தொரு வருஷத்தில் டர்பன் இருக்கும் இந்த நேட்டால் பகுதியில் ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கியவர்கள் 1,52,184 பேர். அவர்களில் ஒருத்தர் மூட்டையில்கூட குறுந்தொகைப் புத்தகம் இருந்திருக்க முடியாது. அது முதன்முதலில் அச்சானதே 1915-ல்தான். புறநானூறு 1894. அதுவரைக்கும் எல்லாம் ஏதோ மடத்திலும் யார் வீட்டுப் பரணிலும் ஓலையாகக் கிடந்தது. 1860-ல் மதராஸ் துறைமுகத்தில் நின்றுகொண்டு வெள்ளிவீதியார் என்று ஒரு பெண் கவிஞர் உண்டா என்று யாராவது கேட்டிருந்தால், அப்படி யாரும் இல்லையே என்றுதான் பதில் வந்திருக்கும். அதுவும் உங்களைப் போலவே முழு நம்பிக்கையோடு.

அந்த வெள்ளிவீதியார்தான் பேத்திக்கு நாலாவது. கை இல்லாதவன், பேச்சும் வராதவன், வெயில் கொளுத்தும் பாறையில் வைத்த வெண்ணெயைக் கண்ணால் மட்டும் காவல் காக்கிறான். வெண்ணெய் உருகி ஓடுகிறது. தூக்கவும் முடியாது, கூப்பிடவும் முடியாது. காதல் உடம்பில் பரவுவதற்கு இதை உவமையாகச் சொன்னவள் அவள். தலைவி இப்படி உருகுகிறாளே என்று படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

பிப்ரவரி 26

நேற்று அடைத்த தொண்டை தப்பான இடத்தில் அடைத்திருக்கிறது. குறுந்தொகை 58 தலைவி பேசுவது அல்ல, தலைவன் பேசுவது. தன்னை இடித்துப் பேசும் நண்பர்களிடம் அவன் சொல்கிறான். காலையில் புத்தகத்தை எடுத்துப் பார்த்துவிட்டு வெட்கமாகப் போய்விட்டது. இருபது வருஷமாக மனத்தில் பெண் குரலாகவே வைத்திருந்தேன். பெண் எழுதினால் பெண்தான் பேசுவாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டிருக்கிறேன். ஆண் புலவர்கள் தலைவி கூற்றாக எத்தனையோ பாடியிருக்கிறார்கள். அதை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. அவள் ஆண் குரலில் பாடினால் மட்டும் எனக்கு ஏன் வழுக்குகிறது?

மார்ச் 4

சங்கப் புலவர்களில் பெண்கள் மொத்தம் எத்தனை பேர் என்று அண்ணா திரும்பக் கேட்டிருக்கிறார். எண் இல்லாமல் அவருக்குத் தூக்கம் வராது. சரி: முப்பது என்பாரும் உண்டு, நாற்பதைத் தாண்டி எண்ணுவாரும் உண்டு. காரணம், பெயரின் கடைசியில் வரும் 'ஆர்' ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. ஔவையார் ஒருவருக்கு மட்டும் 59 பாட்டு. அடுத்தது வெள்ளிவீதியார், 13. பலருக்கு ஒன்றே ஒன்று.

இதைவிட எனக்குச் சுவாரசியம் அந்தப் பெயர்கள்தான். வெள்ளிவீதி என்பது ஒரு தெருவின் பெயர். காக்கைபாடினியார் என்றால் காக்கையைப் பாடியவள். ஒக்கூர் மாசாத்தியாருக்கு முன்னால் ஊர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாரியின் பெண்கள் இரண்டு பேரும் புறநானூறு 112-ல் ஐந்தே வரியில் அப்பனையும் மலையையும் அந்த நிலாவையும் பாடினார்கள். தொகுப்பில் அவர்கள் 'பாரி மகளிர்'தான். ஔவை என்பதற்கே அம்மா, மூத்தவள் என்றுதான் பொருள். அதாவது தெரு, காக்கை, ஊர், அப்பா, அம்மா. வீட்டில் இவர்களில் பலரை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று யாருக்குத் தெரியும்?

ஔவை என்றதும் ஞாபகம் வருகிறது. என் கணவர் சின்ன வயதில் ஔவையார் ஒரு தெலுங்குப் பாட்டி என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர்கள் பாட்டியை 'அவ்வா' என்பார்கள், இவர்கள் வீட்டில் 'ஆயா'. ஆத்திசூடியை யாரோ பக்கத்து வீட்டுக் கிழவி எழுதினாள் என்று ரொம்ப நாள் மரியாதையாக அந்த வீட்டுப் பக்கம் சத்தம் போடாமல் நடந்திருக்கிறார்.

காக்கை பற்றி ஒன்று. குறுந்தொகை 210-ல் வள்ளல் நள்ளியின் காட்டுப் பசுக்களின் நெய்யையும் தொண்டிச் சோற்றையும் ஏழு கலத்தில் வைத்தாலும், விருந்து வரப்போகிறது என்று கரைந்த காக்கைக்கு அது குறைவுதான் என்கிறாள் நச்செள்ளை, அந்தக் காக்கைபாடினியேதான். டர்பனில் கரைவதும் நம் ஊர்க் காக்கையே. 1970-களில் கப்பல்களில் ஒட்டிக்கொண்டு வந்த கூட்டம். நகராட்சி அதைப் பிடித்து ஒழிக்கப் பார்க்கிறது. அம்மா (என் மாமியார்) தினமும் மதிலில் சோறு வைக்கிறார்.

மார்ச் 5

சட்டத்துக்குப் புறம்பான சோறு என்று எழுதாதே என்கிறார் அம்மா. எழுதவில்லை.

மார்ச் 18

இதை எழுதலாமா என்று பத்து நாள் யோசித்தேன்.

அம்மாவிடம் ஒரு நோட்டு இருக்கிறது. நீல அட்டை, கடைக்காரர்கள் கணக்கு எழுதும் நீள நோட்டு. உள்ளே தமிழ்ப் பாட்டு, ஆனால் எழுத்து இங்கிலீஷ். இங்கே கோயிலில் தேவாரம் பாடுகிறவர்கள் பாதிப் பேர் அப்படி எழுதி வைத்துத்தான் பாடுகிறார்கள். நான் தென்காசிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். இப்போது சிரிப்பதில்லை. நாலு தலைமுறை கடலுக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு, பள்ளிக்கூடத்தில் ஒரு எழுத்தும் தமிழ் படிக்காமல், 'மாசில் வீணையும்' முழுசாகச் சொல்கிறவர்களைப் பார்த்துச் சிரிக்க நான் யார்?

நோட்டின் முதல் பாதி சாமிப் பாட்டு. இரண்டாவது பாதி தாலாட்டும் ஒப்பாரியும். மேலே 'ஆயா பாட்டு' என்று தலைப்பு. அம்மாவின் பாட்டி பாடியவை. அந்த ஆயா கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவள், கரும்புத் தோட்டத்தில் வளர்ந்தவள், பிற்காலத்தில் மாடு வைத்துப் பால் விற்றவள். அம்மாவுக்குப் பத்து வயதாகும்போது, 1954 வாக்கில், இறந்துவிட்டாள். முன்னால் இருந்த நோட்டு 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கார் ஷெட்டோடு ஊறிப்போனது. இது ஞாபகத்திலிருந்து அம்மா மறுபடி எழுதியது.

அதில் ஒரு தாலாட்டு:

*வலி தெரியாம வந்தவடி*
*வலி தெரிஞ்சும் போகலடி*

இரண்டே வரி. வலி தெரியாத வயதில் வந்தாள். தெரிந்த பிறகும் போகவில்லை. போக இடம் இல்லையா, மனம் இல்லையா என்று சொல்லவில்லை. ஒப்பந்தக் கூலி பற்றி நான் படித்த தடித்தடிப் புத்தகங்கள் எதிலும் இந்த இரண்டு வரி இல்லை. அண்ணா, ஆயிரம் வருஷம் எங்கே போனார்கள் என்று கேட்டீர்களே, தொட்டில் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

ஆயாவின் பெயர் என்ன என்று அம்மாவைக் கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்தார். "பால்காரி ஆயான்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க."

நேட்டால் கப்பல் பட்டியல்களில் பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு வரைக்கும் கட்டம் போட்டு எழுதியிருப்பார்கள். பாட்டு என்று ஒரு கட்டம் கிடையாது. பெயர் தெரிந்தால்தானே பட்டியலில் தேட முடியும். பால்காரி என்று தேடினால் யார் வருவார்கள்?

மார்ச் 20

வெள்ளிவீதி, காக்கைபாடினி, பால்காரி. சமையல் பண்ணும்போது மூன்றையும் வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன். குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

மார்ச் 21, மனித உரிமை நாள் விடுமுறை

இந்த விஷயத்தில் கெட்டிக்காரி ஆண்டாள். திருப்பாவையின் கடைசிப் பாட்டில் 'பட்டர்பிரான் கோதை சொன்ன' என்று அப்பா பெயர், தன் பெயர் இரண்டையும் போட்டாள். அதோடு விட்டாளா? 'முப்பதும் தப்பாமே' என்று எண்ணிக்கையையும் போட்டுப் பூட்டிவிட்டாள். யாராவது ஒன்றை உருவினாலும் தெரிந்துவிடும், ஒன்றைச் செருகினாலும் தெரிந்துவிடும். கணக்கு அண்ணாவுக்குப் பிடித்த கவிஞராக இவள்தான் இருக்க வேண்டும். காரைக்கால் அம்மையார் 'காரைக்கால் பேய்' என்று பாட்டுக்குள்ளேயே தன்னைச் சொல்லிக்கொண்டார். புனிதவதி என்கிற வீட்டுப் பெயரை விட்டுவிட்டு, பேய் என்று அவரே வைத்துக்கொண்ட பெயர் அது. தெருவோ ஊரோ வைத்ததில்லை.

இங்கே மார்கழி கடும் கோடை. டிசம்பரில் ஐந்து மணிக்குள் வெயில் வந்துவிடும். கோயிலில் திருப்பாவை பாட உட்கார்ந்தால் புள்ளினம் எல்லாம் சிலம்பி முடித்து மாமரத்தில் சண்டை போட்டுக்கொண்டிருக்கும். கதவுக்கு வெளியே நின்று எழுப்புகிற பாட்டை, எல்லாரும் எழுந்து குளித்து விசிறிக்கொண்டிருக்கும்போது பாடுகிறோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 2

மார்ச் 18-ல் எழுதியதை யாரும் எங்கேயும் எடுத்துப் போட வேண்டாம்.

அம்மாவை அந்தத் தாலாட்டைப் பாடச் சொன்னேன். அதுவரை நோட்டில் படித்திருந்தேனே தவிர காதால் கேட்டதில்லை. பாடினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இங்கிலீஷ் எழுத்தில் லி, ளி, ழி மூன்றும் ஒன்றுதான். அது 'வலி' இல்லை, 'வழி'யாக இருக்கலாம்.

*வழி தெரியாம வந்தவடி*
*வழி தெரிஞ்சும் போகலடி*

எவ்வளவு எளிமையாக, எவ்வளவு சரியாக இருக்கிறது பாருங்கள். வழி தெரியாமல் வந்தாள், வழி தெரிந்தும் திரும்பிப் போகவில்லை. ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பாதவர்கள் அத்தனை பேரும் இதில் இருக்கிறார்கள். நான்தான் என் வலியைக் கொண்டுபோய் அதில் ஏற்றியிருக்கிறேன்.

இது ஒரு மணி நேரம்தான் தாங்கியது. திரும்பப் பாடச் சொன்னேன். இந்த முறை 'வலி' மாதிரி கேட்டது. நாலாவது முறை இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. அம்மாவின் வாயில் ழகரம் இல்லை. இங்கே பல குடும்பங்களில் அது கரைந்தே போய்விட்டது.

"வலியா, வழியாம்மா?"

"பாட்டப் பாடுறதா, எழுத்த எண்ணுறதா?"

ஏப்ரல் 3

குறுந்தொகைச் சுவடிகளிலும் இப்படித்தான். ஓலையில் புள்ளி வைக்க மாட்டார்கள், காலும் கொம்பும் குழம்பும். பாடபேதம் என்று அடிக்குறிப்பில் போட்டுவிட்டுப் பதிப்பாசிரியர் அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார். நானும் அப்படியே போகிறேன். இரண்டு பாடமும் இருக்கட்டும்.

ஏப்ரல் 15

நேற்று வருஷப்பிறப்பு. வகுப்பில் வடையும் பாயசமும். பிள்ளைகளுக்கு வெள்ளிவீதியாரின் இன்னொரு பாட்டைச் சொன்னேன். குறுந்தொகை 27: கன்றும் குடிக்காமல், பாத்திரத்திலும் விழாமல், நல்ல பசுவின் பால் தரையில் சிந்திப் போவது மாதிரி என் அழகு எனக்கும் ஆகாமல் அவனுக்கும் ஆகாமல் போகிறது. (இது தலைவி கூற்றேதான். இருமுறை பார்த்துவிட்டேன்.) பின்னால் உட்கார்ந்து வடைக்குச் சட்னி ஊற்றிக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்கினார். "அடுப்புல பொங்கி வழிஞ்சாலும் மனசு ஆறும். மடியிலேர்ந்து மண்ணுக்குப் போனா ஆயாவுக்கு அன்னிக்குச் சோறு எறங்காது." பிள்ளைகளுக்கு நான் அரை மணி நேரம் விளக்கியது அந்த ஒரு பேச்சில் முடிந்துவிட்டது.

அண்ணாவுக்கு இன்னொரு கணக்கு. ஆதிமந்தி என்று ஒருத்தி, கணவன் ஆட்டனத்தியைக் காவிரி வெள்ளம் கொண்டுபோக, கரையெல்லாம் தேடி அலைந்தவள். குறுந்தொகை 31 அவள் பெயரில் இருக்கிறது. அகநானூறு 45-ல் வெள்ளிவீதியார், ஆதிமந்தியைப் போல நானும் அலைவேனோ என்று பாடுகிறாள். அகநானூறு 147-ல் ஔவையார், வெள்ளிவீதியைப் போல நானும் கிளம்பிவிடலாம் என்று நினைக்கிறேன் என்று பாடுகிறாள். ஒருத்தி பெயரை அடுத்தவள் எடுத்துப் பாட்டுக்குள் வைக்கிறாள். அடுத்தவள் பெயரை இன்னொருத்தி. உரையாசிரியர், பதிப்பாசிரியர் எல்லாரும் வருவதற்கு ரொம்ப முன்னால் நடந்த வேலை இது.

இதை யோசித்துக்கொண்டே போனால் எல்லா இடத்திலும் இதுதான் தெரிகிறது. செங்கோட்டை ஆவுடையக்காள், பதினெட்டாம் நூற்றாண்டு, பால்ய விதவை. வேதாந்தத்தைப் பேச்சுத் தமிழில் பாடினாள். தீட்டு ஆச்சாரம் எல்லாவற்றையும் கேலி பண்ணினாள். திருநெல்வேலிப் பக்கத்து அக்ரகாரத்துப் பெண்கள் வாய்க்கு வாய் பாடிக் காப்பாற்றியிராவிட்டால் ஒரு வரியும் மிஞ்சியிருக்காது. எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த மாமி ஒருத்தர் அப்பளம் இடும்போது ஏதோ முணுமுணுப்பார். அது அக்காள் பாட்டு என்று எனக்குத் தெரிந்தது டர்பன் வந்து பத்து வருஷம் கழித்து. தென்காசியிலிருந்து செங்கோட்டை பஸ்ஸில் கால் மணி நேரம். இதற்கு நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

ஆக, ஔவையார், காரைக்காலம்மை, ஆண்டாளுக்கு அப்புறம் யாரும் இல்லை என்ற கணக்கில் ஒன்று தள்ளுபடி. ஆத்திசூடி எழுதிய ஔவையும் சங்க ஔவை இல்லை. அவள் சோழர் காலத்துக்காரி. அதியமானோடு கள் குடித்தவள் வேறு, பிள்ளைகளுக்கு அறம் செய விரும்பு சொன்னவள் வேறு. நடை வேறு, சொல் வேறு, உலகம் வேறு.

தெலுங்கு அவ்வாவையும் சேர்த்துக்கொள்வோம். முத்துப்பழனி, தஞ்சாவூர் மராட்டிய அரண்மனையில் இருந்தவள், தெலுங்கில் ராதிகா சாந்த்வனம் என்ற சிருங்காரக் காவியம் பாடினாள். பெண் இப்படியா எழுதுவாள் என்று பெரிய மனிதர்கள் முகம் சுளித்தார்கள். 1910-ல் பெங்களூர் நாகரத்தினம்மாள் அதை முழுசாக அச்சுப் போட்டார். அரசாங்கம் தடை போட்டது. திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் கட்டியவரும் இதே நாகரத்தினம்மாள்தான். ஜனவரி மாதம் அங்கே பஞ்சரத்தினம் பாடுகிறவர்களுக்கு இந்த இரண்டாவது கதையும் தெரிந்திருந்தால் சந்தோஷம்.

ஏப்ரல் 16

லோட்ஷெடிங். நேற்று எழுதியதில் நீளம் அதிகம், மன்னிக்கவும். கரண்ட் வருவதற்குள் லாப்டாப் பாட்டரி போய்விடும் என்கிற பயத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

மே 27

நம் ஆட்களையே பேசிக்கொண்டிருக்கிறோம், இந்த மண்ணில் இருந்த பெண்கள் யாரும் பாடவில்லையா என்று கணவர் கேட்டார். நியாயமான கேள்வி. இருபது வருஷத்தில் நானாகக் கேட்டதில்லை.

நோன்சிஸி ம்க்வெதோ. கோஸா மொழிக்காரி. 1920-லிருந்து 1929 வரை ஜோகன்னஸ்பர்க் வாரப் பத்திரிகை ஒன்றில் கவிதை எழுதினாள். தலைவனைப் புகழ்ந்து பாடும் இம்போங்கி மரபு ஆண்களுடையது. அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு எல்லாரையும் சாடினாள். அப்புறம் ஆளே இல்லை. அவளைப் பற்றி இன்றைக்குத் தெரிந்தது அநேகமாக அவள் பாட்டுக்குள் இருப்பது மட்டும்தான். நூறு வருஷத்துக்கு உள்ளேயே, அச்சடித்த பத்திரிகையில் எழுதியும், ஒரு பெண் சங்கப் புலவர் ஆகிவிட்டாள்.

இங்க்ரிட் யோன்கர் ஆப்பிரிக்கான்ஸில் எழுதியவர். அப்பா ஆளுங்கட்சி எம்.பி., தணிக்கைச் சட்டத்துக்கான குழுவுக்குத் தலைவர். மகள் அந்தத் தணிக்கையை எதிர்த்தவள். நியாங்காவில் சிப்பாய்கள் சுட்டுக் கொன்ற குழந்தையைப் பாடினாள். 1965-ல் கேப் டவுன் கடலில் முடிந்துபோனாள், வயது 31. 1994 மே 24 அன்று மண்டேலா நாடாளுமன்றத்தில் அந்தக் கவிதையை வாசித்தார். யாழ்ப்பாணத்துச் சிவரமணி ஞாபகத்துக்கு வந்தாள். 1991-ல், இருபத்துச் சொச்சம் வயதில், போவதற்கு முன்னால் கையில் இருந்த கவிதைகளை எல்லாம் எரித்துவிட்டாள். இன்று நாம் படிப்பது மற்றவர்கள் கையில் இருந்த பிரதிகள்.

இதற்கு மேல் இன்றைக்கு எழுத ஓடவில்லை.

மே 28

கொஞ்சம் வெளிச்சமான ஒன்று. டயானா ஃபெரஸ், கேப் பகுதிக்காரர். 1998-ல் நெதர்லாந்தில் படிக்கப் போன இடத்தில் சாரா பார்ட்மன் பற்றி, உன்னை வீட்டுக்குக் கூட்டிப்போக வந்தேன் என்று ஒரு கவிதை எழுதினார். சாராவை 1810-ல் ஐரோப்பாவுக்குக் கூட்டிப்போய்க் காட்சிப்பொருள் ஆக்கியவர்கள், இறந்த பிறகும் உடம்பைப் பாரிஸ் மியூசியத்தில் வைத்திருந்தார்கள். உடம்பைத் திருப்பித் தரும் சட்டம் 2002-ல் பிரான்சில் வந்தபோது, இந்தக் கவிதையும் அந்த மசோதாவோடு போனது. கவிதை எழுதி என்ன ஆகிவிடும் என்று கேட்கிறவர்களுக்காகக் குறித்து வைக்கிறேன்.

டர்பனில் 2017-ல் பிரான்சின் சைமன் என்ற இளம் கவிஞரின் தொகுப்பு வந்தது. ஆங்கிலக் கவிதைகள், தலைப்பு மட்டும் 'துங்காச்சி'. நம் தங்கச்சிதான், இந்த ஊர் வாயில் அப்படி ஆகிவிட்டது. முதலில் பார்த்தபோது எழுத்துப் பிழை என்று என் வாத்தியார் மூளை சிவப்புப் பேனாவைத் தேடியது. பிழை இல்லை, அது முகவரி.

ஆகஸ்ட் 9, பெண்கள் நாள்

1956-ல் இதே நாளில் இருபதாயிரம் பெண்கள் பிரிட்டோரியாவில் பாஸ் சட்டத்தை (கறுப்பர்கள் அனுமதிச் சீட்டு இல்லாமல் நடமாடக் கூடாது என்ற சட்டம்) எதிர்த்து அரசாங்கக் கட்டடத்துக்கு நடந்தார்கள். அவர்கள் பாடிய வரி இன்றைக்கும் எல்லா மேடையிலும் கேட்கும்: 'வத்திந்த் அபஃபாஸி, வத்திந்த் இம்போகோடோ'. பெண்ணைத் தொட்டாய், பாறையைத் தொட்டாய் என்று எழுதுவார்கள். எங்கள் வீட்டு வேலைக்கு உதவ வரும் ஸூலு அக்காவிடம் இம்போகோடோ என்றால் என்ன பாறை என்று கேட்டேன். நேரே அடுப்படிக்குப் போய் அம்மாவின் அம்மியில் கிடந்த குழவியைத் தட்டிக் காட்டினார். அரைக்கிற கல்! தானியம் அரைக்கக் கையில் பிடிக்கும் உருண்டைக் கல்.

பாறை என்று எழுதினவர் அடுப்படிப் பக்கம் போகாதவராக இருப்பார். அந்த வரியைக் கட்டினவள் யார் என்று கேட்க வந்தேன். விடுங்கள்.

ஆகஸ்ட் 19

வகுப்பில் நோட்டைத் தமிழ் எழுத்துக்கு மாற்றும் வேலை. ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம். கணக்கு அண்ணாவின் பேத்திக்கு (பன்னிரண்டு வயது, இந்தக் குழப்பம் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்) பதினொன்றாம் பக்கம் போனது. 'ஆயா பாட்டு' பகுதிதான்.

*மேகசீனு வீட்ட விட்டு*
*மேட்டு மேல வந்தோம் கண்ணே*
*சாட்ஸ்வர்த்துக் காத்தடிக்குது*
*சன்னலச் சாத்தித் தூங்கு கண்ணே*

அழகாக எழுதி முடித்துவிட்டுக் கையைத் தூக்கினாள். "ஆன்ட்டி, பால்காரி ஆயா எப்ப செத்துப்போனாங்க?"

"1954."

"அப்ப சாட்ஸ்வர்த் இல்லையே."

இந்தப் பக்கத்தை நான் எத்தனை முறை படித்திருப்பேன். மேகசீன் பேரக்ஸில் இருந்த நகராட்சித் தொழிலாளர் குடும்பங்களை, இன்ன இனத்தார் இன்ன இடத்தில்தான் இருக்கலாம் என்ற குழு வாழிடச் சட்டத்தில் கிளப்பிச் சாட்ஸ்வர்த்தில் கொண்டுவந்து விட்டது 1960-களில். அம்மா குடும்பமும் அப்படி வந்ததுதான், அப்போது அவருக்கு இருபது வயது. ஔவையை இரண்டாகப் பிரித்து நடை வேறு, சொல் வேறு, உலகம் வேறு என்று ஏப்ரலில் சட்டமாக எழுதினேனே, என் வீட்டு நோட்டில் எனக்கு உறைக்கவில்லை. மேலே 'ஆயா பாட்டு' என்று தலைப்பு இருந்தது, நம்பிவிட்டேன்.

அம்மா அன்றைக்கு வகுப்புக்கு வரவில்லை. முழங்கால் வலி. (இது வலியேதான்.)

ஆகஸ்ட் 20

காலையில் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பதினொன்றாம் பக்கத்தைப் பிரித்து முன்னால் வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றி முந்தானையில் துடைத்தார், மறுபடி போட்டார்.

"ஒன் புருசன் அப்ப கைக்கொழந்த. புது வீடு, காத்து பேய் மாதிரி அடிக்கும். தூங்கவே மாட்டான். ஆயா பாட்டெல்லாம் பாடித் தீந்துபோச்சு. அப்புறம் என்ன பண்றது?"

"அப்ப இது உங்க பாட்டும்மா."

"ஆயா ராகந்தான்."

"வார்த்தை?"

பதில் இல்லை. கொஞ்சம் கழித்து, "அதுல எம்பேரப் போட்டுறாத. ஆயா பேரே இருக்கட்டும்" என்றார்.

"ஆயாவுக்குத்தான் பேரே தெரியாதே."

"அதான் சொல்றேன். அவளுக்கு இதாவது இருக்கட்டும்."

ஆகஸ்ட் 21

கணக்கு அண்ணாவிடமிருந்து ஒரே ஒரு வரி வந்திருக்கிறது: அப்படியானால் மீதி எத்தனை பாட்டு அவருடையது?

செப்டம்பர் 3

நேற்று ராத்திரி எல்லாரும் தூங்கினபின் மீதிப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பதினான்காம் பக்கத்து ஒப்பாரியில் கலர் டி.வி. பதினேழாம் பக்கத் தாலாட்டில் ஃபிரிட்ஜ். அந்த இரண்டு வரி, வலியோ வழியோ, ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது. அதில் காலத்தைக் காட்டும் சாமான் ஒன்றும் இல்லை.

காலையில் அம்மா கேட்டார், நோட்டு ஏன் மேசையில் கிடக்கிறது என்று. எடுத்து உள்ளே வைத்தேன்.